வட வேல்ஸ் கோட்டைகள்: குடும்பத்தோடு ஏழு நாள் கார்ப் பயணம்

வட வேல்ஸில் கான்வி ஊரிலிருந்து ஹார்லெக் வரை நிற்காமல் கார் ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தத் தூரத்துக்கு ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் நான்கு பெரிய கோட்டைகள், இரண்டு சின்னக் கோட்டைகள், ஒரு மலைக்கணவாய், ஒரு தீவு எல்லாம் இருக்கின்றன. பலரும் இரண்டே நாளில் அத்தனையையும் பார்த்துவிடுகிறார்கள். மூன்றாவது கோட்டை வருவதற்குள் குழந்தைகளுக்கு எல்லாமே ஒரே கல்லாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு கோட்டை, அதுவும் சரியான வரிசையில் என்று வைத்துக்கொண்டால் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று புரிகிறது.

கிளம்பும் முன் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். 1282 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் லெவெலின் ஆப் கிரிஃபித் போரில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவருடைய தம்பியையும் பிடித்துக் கொன்றார்கள். இங்கிலாந்தின் மன்னர் முதலாம் எட்வர்ட், தான் பிடித்த நாடு மறுபடி தலைதூக்கக் கூடாது என்று மலைகளைச் சுற்றி வளைத்தாற்போலக் கடலோரமாகக் கோட்டைகளைக் கட்டினார். அவற்றில் கான்வி, கர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் என்ற நான்கையும் 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாம் வியந்து பார்க்கிற அழகெல்லாம் தோற்றுப்போன ஒரு மக்களை மிரட்டி வைக்கக் கட்டியது என்ற நினைப்போடு போனால்தான் இந்தப் பயணம் முழுமையாகும். அதனால்தான் வேல்ஸ் இளவரசர்களே கட்டிய இரண்டு சின்னக் கோட்டைகளையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.

எப்போது போவது, எங்கே தங்குவது

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. மே மாதத்தில் வயலெல்லாம் ஆட்டுக்குட்டிகள் துள்ளும். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கோட்டை மாலையில் மூடிய பிறகும் கடற்கரைக்குப் போக நேரம் கிடைக்கும் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய பள்ளி விடுமுறை. கூட்டமும் அதிகம், தங்குமிட வாடகையும் அதிகம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

தினம் ஒரு விடுதி மாறுவது வேண்டாம். பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலுமே காலைப் பொழுது போய்விடும். முதல் மூன்று இரவு கான்வி பக்கத்தில், அடுத்த மூன்று இரவு பெத்கெலெர்ட் அல்லது போர்த்மடோக் பக்கத்தில் தங்கினால் போதும். அறையை விடச் சமையலறையோடு கூடிய சின்ன வீடு நல்லது. கிராமத்து உணவகங்கள் சீக்கிரமே சமையலறையை மூடிவிடும். எட்டரைக்கு மேல் பசியோடு அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற நேரும். எங்களுக்கு முதல் பயணத்தில் அது நடந்தது.

கார்: எடுப்பதும் ஓட்டுவதும்

விமானத்தில் வருகிறவர்களுக்கு மான்செஸ்டர்தான் வசதி. அங்கிருந்து கான்விக்கு ஒன்றரை மணி நேரம். லண்டனில் இறங்கினால் அங்கிருந்தே காரில் வர வேண்டாம். நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். ரயிலில் செஸ்டர் வரை வந்து, அங்கே வாடகைக் கார் எடுப்பது உடம்புக்கு நல்லது.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, வந்து இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை பிரிட்டனில் ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கியர் கார் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. 12 வயது வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைக்கு உரிய இருக்கை கட்டாயம். பெரிய கார் எடுக்க ஆசை வரும். எடுக்காதீர்கள். வேல்ஸ் கிராமச் சாலையில் இரண்டு பக்கமும் கற்சுவர். காரின் அகலத்தில் ஓர் அரை அடி குறைந்தாலும் அது நிம்மதி.

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் நமக்குப் பாதிக் கவலை கிடையாது. மீதிப் பாதியில் முக்கியமானது விளக்கு. நம் ஊரில் எதிரே வருகிறவர் முன்விளக்கை மின்னினால் "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று அர்த்தம். இங்கே வழக்கத்தில் அது "நீங்கள் முதலில் போங்கள்" என்பது. பழக்கதோஷத்தில் நீங்கள் மின்னிவிட்டு முன்னேறினால், எதிரே வருகிறவரும் வழி கிடைத்துவிட்டது என்று முன்னேறுவார். இதை ஒரு முறை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. ஹாரனை நன்றாக மறந்துவிடலாம்.

வேகக் கணக்கு மைலில். 2023 செப்டம்பர் 17 முதல் வேல்ஸில் தெருவிளக்கு உள்ள ஊர்ச்சாலைகளில், வேறு பலகை இல்லாவிட்டால், மணிக்கு 20 மைல்தான். அதாவது 32 கிலோமீட்டர். கூகுள் வரைபடமும் காரின் திரையும் சில இடங்களில் பழைய வேகத்தைக் காட்டக்கூடும். சாலைப் பலகையை மட்டும் நம்புங்கள். வெள்ளை வட்டத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருந்தால் கட்டுப்பாடே இல்லை என்று பொருளல்ல. சாதாரண இருவழிச் சாலையில் அது 60 மைல். வளைவுக்கு அப்பால் ஆடு படுத்திருக்கும் மலைச்சாலையில் 60 ஓட்ட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. தரையில் பெரிய எழுத்தில் 'ஆராவ்' என்று எழுதியிருக்கும். மெதுவாகப் போங்கள் என்பதற்கு வேல்ஸ் மொழிச் சொல்.

ஒற்றைத் தடச் சாலைகளில் அங்கங்கே ஒதுங்கும் இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று எதிர்க்காரை அதற்குள் வர விடுங்கள். வழிவிட்டவருக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்வது அங்கே மரியாதை. என் சின்னவன் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு காருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தான். பதிலுக்கு எல்லாரும் கையாட்டினார்கள்.

சீட்டு

நான்கு கோட்டைகளையும் காடூ என்ற அரசு அமைப்பு பராமரிக்கிறது. வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் காத்தல், பேணுதல் என்று அர்த்தம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. தனித்தனிச் சீட்டு, எக்ஸ்ப்ளோரர் பாஸ், ஆண்டு உறுப்பினர் கட்டணம் என்று மூன்று வழி உண்டு. எக்ஸ்ப்ளோரர் பாஸில் 7 நாளுக்குள் ஏதாவது 3 நாள், 14 நாளுக்குள் ஏதாவது 7 நாள் என்று இரண்டு வகை. இந்தத் திட்டத்தில் நான்கு வேறு வேறு நாளில் நான்கு கோட்டை வருவதால் 3 நாள் பாஸ் போதாது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, காடூவின் இணையதளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்து, மூன்றையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பெரிய குடும்பத்துக்குச் சில சமயம் ஆண்டு உறுப்பினர் கட்டணமே லாபமாக வந்து நிற்கும். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

எடுத்துப்போக வேண்டியது அதிகம் இல்லை. தலையோடு மூடும் மழைச்சட்டை ஆளுக்கொன்று. மதில் மேல் அடிக்கும் காற்றில் குடை நிற்காது. வழுக்காத காலணி. கைக்குழந்தை இருந்தால் உடம்போடு கட்டிக்கொள்ளும் பை, ஏனென்றால் சுழல்படியில் தள்ளுவண்டி ஏறாது. சின்ன டார்ச் ஒன்று.

முதல் நாள்: கான்வியின் ஊர்மதில்

வந்து இறங்கிய அன்று கோட்டைக்குள் போக வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு மாலையில் ஊர்மதில் மேல் நடங்கள். கட்டணம் இல்லை. சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், 21 கோபுரங்கள், மூன்று பழைய வாயில்கள். அதன் பெரும்பகுதி இன்னும் முழுசாக நிற்கிறது. மேலே நடந்தால் ஒரு பக்கம் வீட்டுக் கூரைகளும் கொல்லையில் காயும் துணிகளும், மறுபக்கம் ஆறும் மலையும் தெரியும். மக்கள் இன்றும் இந்த மதிலுக்குள்ளேதான் குடியிருக்கிறார்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில இடத்தில் உள்பக்கத் தடுப்பு வெறும் கம்பிதான்.

தெற்குப் பக்க மதிலில் வெளியே துருத்திக்கொண்டு வரிசையாக 12 கல்மாடங்கள் இருக்கின்றன. கீழே நின்று பார்த்தால் என்னவோ பீரங்கி வைக்கும் இடம் போலத் தெரியும். உண்மையில் அவை கழிப்பறைகள், அரசு ஊழியர்களுக்காகக் கட்டியவை. என் பெரியவள் இந்த ஏழு நாளைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் சொல்வாள். அதனால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கான்வி கோட்டை

காலையில் திறந்ததும் உள்ளே போங்கள். 1283இல் தொடங்கி 1287க்குள் முடித்த கோட்டை இது. நான்கே ஆண்டு. எட்டுப் பெரிய கோபுரங்கள். கட்டியவர் செயின்ட் ஜார்ஜின் ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனார். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் உள்ள சவாய் நாட்டிலிருந்து எட்வர்ட் வரவழைத்தவர். நான்கு கோட்டைகளிலும் இவருடைய கை இருக்கிறது.

அந்தக் கையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வட்டக் கோபுரங்களின் வெளிச்சுவரில் சின்னச் சதுர ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். சாரம் கட்ட மரம் சொருகிய ஓட்டைகள் அவை. வழக்கமாக அந்த ஓட்டைகள் நேர் வரிசையில் இருக்கும். இங்கே அவை கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு சரிவாக ஏறுகின்றன. சாரத்தையே சாய்தளம் போலக் கட்டி, அதன் வழியே கல்லை மேலே ஏற்றியிருக்கிறார்கள். சவாயில் பழகிய வேலைமுறை. குழந்தைகளிடம் விரலால் அந்த ஓட்டைகளைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். விரல் தானாகவே கோபுரத்தைச் சுற்றி ஏறும்.

உள்ளே வந்ததும் இரண்டு கதை சொல்லலாம். 1294இல் மடோக் ஆப் லெவெலின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, எட்வர்டே இந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். வெள்ளம் வேறு சேர்ந்துகொள்ள, சாப்பாட்டுக்குத் திண்டாடி, கடல் வழியாகக் கப்பல் வந்த பிறகுதான் மீண்டார். இரண்டாவது கதை 1401, புனித வெள்ளி. காவலர்களில் பெரும்பாலோர் தேவாலயத்தில் இருந்தார்கள். ஒரு தச்சர் வழக்கமான வேலைக்கு வந்தவர்போல வாசலுக்கு வந்து, இருந்த இரண்டு காவலர்களையும் வீழ்த்திக் கதவைத் திறந்துவிட்டார். வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்களான டியூடர் சகோதரர்கள் தங்கள் ஆட்களோடு உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்தார்கள். அத்தனை கல், அத்தனை பணம், அத்தனை கோபுரம், கடைசியில் ஒரு தச்சர். வாசலில் நின்று இதைச் சொல்லுங்கள். பிறகு யார் தச்சர், யார் காவலர் என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள்.

மதில் உச்சியில் பல் பல்லாக ஏறி இறங்கும் விளிம்புக்கு நம் பழந்தமிழில் 'ஞாயில்' என்று பெயர். சங்கப் பாட்டில் வருகிற சொல். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஏழு நாளும் "அதோ ஞாயில்" என்று காரிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார்கள். கோட்டை பார்க்கப் போகிற இடத்தில் நம் சொல் ஒன்று அவர்கள் வாயில் ஏறியது எனக்குக் கோட்டையை விடப் பெரிய சந்தோஷம்.

மதியம் படகுத்துறைக்கு இறங்குங்கள். 1.8 மீட்டர் அகலமே உள்ள சிவப்புக் குட்டி வீடு ஒன்று அங்கே இருக்கிறது. பிரிட்டனிலேயே மிகச் சின்ன வீடு என்று பெயர் பெற்றது. கோட்டைக்குப் பக்கத்தில் ஆற்றின் மேல் தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் 1826இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது.

மூன்றாம் நாள்: பியூமாரிஸ்

அரை மணி ஓட்டத்தில் ஆங்கிள்சி தீவு. டெல்ஃபோர்டின் மெனாய் தொங்குபாலமும் 1826இல் திறந்ததுதான். அன்றைக்கு அதைக் கடப்பதே ஓர் அதிசயமாக இருந்திருக்கும். பாலம் தாண்டியதும் 58 எழுத்துப் பெயர் கொண்ட ஊர் வரும். லான்வயர்ப்வூல் என்று சுருக்கிச் சொல்வார்கள். ரயில் நிலையப் பலகை முன்னால் ஒரு படம், பத்து நிமிஷம், போதும்.

பியூமாரிஸ் தட்டையான இடத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியோ முழங்கால் வலியோ உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்கள் அதிகம் அனுபவிக்கப்போவது இந்தக் கோட்டையைத்தான். என் அம்மா மற்ற கோட்டைகளில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இங்கே மட்டும் முற்றம் முழுக்க எங்களோடு நடந்தார். சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி, அதில் அன்னங்கள்.

மடோக்கின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு 1295இல் தொடங்கியது இந்தக் கோட்டை. மதிலுக்குள் மதில், கோட்டைக்குள் கோட்டை. வெளிமதிலைத் தாண்டி வந்தவன் உள்மதிலுக்குக் கீழே நேராக அம்புக்கு இலக்காக நிற்பான். உள்வாசலும் வெளிவாசலும் நேர்க்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் விலகி இருப்பதையும் கவனியுங்கள். ஓடி வருகிறவன் திரும்பியே ஆக வேண்டும். ஜேம்ஸ் 1296இல் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 படகுகள் என்று கணக்குச் சொல்லிப் பணம் கேட்கிறார். பணம் வரவில்லை. எட்வர்டின் கவனம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்துக்கு எழும்பவே இல்லை. அந்தக் கோட்டை குட்டையாகத் தெரிவது அதனால்தான், இடிந்து போனதால் அல்ல.

கோட்டையும் அதை ஒட்டிய புது ஊரும் வருவதற்காக, பக்கத்திலிருந்த லான்வைஸ் என்ற வேல்ஸ் ஊரின் மக்களைத் தீவின் இன்னொரு மூலைக்கு அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் இன்றும் நியூபரோ, புதிய ஊர். நேரம் இருந்தால் மாலையில் அங்கே போங்கள். பைன் காடும் நீண்ட மணற்கரையும், கடலுக்கு அப்பால் எரரி (ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா) மலைத்தொடர் முழுசாகவும் தெரியும்.

நான்காம் நாள்: கர்னார்வன்

முதல் தங்குமிடத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்டிகள் காரில் இருக்கும் என்பதால் வெளியே தெரியும்படி எதையும் வைக்காதீர்கள்.

இந்தக் கோட்டையின் கோபுரங்கள் வட்டமில்லை, பட்டை பட்டையாக இருக்கின்றன. சுவரில் நிறம் மாறி மாறிக் கல் வரிகள் ஓடுகின்றன. கான்ஸ்டான்டினோபிள் நகர மதிலை மனதில் வைத்துக் கட்டியது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. பக்கத்திலேயே செகோன்டியம் என்ற ரோமானியக் கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. ரோமாபுரிப் பேரரசின் வாரிசு நான்தான் என்று எட்வர்ட் கல்லில் சொல்லிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய மகன், பின்னாளில் இரண்டாம் எட்வர்ட், 1284 ஏப்ரலில் இந்த ஊரில்தான் பிறந்தார். இப்போதைய மன்னர் சார்லஸுக்கு 1969 ஜூலை 1 அன்று வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டும் விழாவும் இந்த முற்றத்தில்தான் நடந்தது.

மன்னர் வாயில் என்ற நுழைவுவாசலில் நின்று தலைக்கு மேலே பாருங்கள். ஐந்து கதவு, ஆறு இறங்கு கிராதி என்று திட்டமிட்ட வாசல் அது. கூரையில் துளைகள். வாசலுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மேல் கல்லோ கொதிநீரோ விழும். அந்த வாசல் கோபுரத்தின் உச்சிக்கு இப்போது லிஃப்ட் இருக்கிறது. 2023இல் திறந்தது. படி ஏற முடியாதவர்களையும் அழைத்துப்போகலாம். படி ஏற முடிந்தவர்கள் கழுகுக் கோபுரத்துக்குப் போங்கள். மதிலின் கனத்துக்குள்ளேயே இருட்டான நடைபாதைகள் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகின்றன. டார்ச் எடுத்து வரச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த ஊர்த் தெருவில் காது கொடுங்கள். கடையில், பேருந்து நிறுத்தத்தில், பள்ளி வாசலில் எங்கும் வேல்ஸ் மொழிதான். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் திரும்பவும் எழக் கூடாது என்று கட்டிய கோட்டையின் நிழலிலேயே 700 வருஷத்துக்கு அப்புறமும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே நின்றபோது தொண்டை அடைத்தது. 'டியோல்ஹ்' என்றால் நன்றி. ஊர்ப் பெயர்களில் இரட்டை எல் எழுத்து வரும் இடத்தில் நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊத வேண்டும். நமக்கு ழகரம் போல அவர்களுக்கு அது. தப்பாகச் சொன்னாலும் முயன்றதற்கு முகம் மலர்வார்கள்.

ஐந்தாம் நாள்: மலையும் லெவெலினின் கோபுரமும்

பெத்கெலெர்ட்டிலிருந்து கணவாய் வழியாக லான்பெரிஸுக்கு அரை மணி நேரம். பயணத்திலேயே அழகான சாலை இது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு நூல் மாதிரி தார்ச்சாலை. 1,085 மீட்டர் உயரமுள்ள ஆர் வித்வா, ஆங்கிலத்தில் ஸ்னோடன், இதன் மேல்தான் நிற்கிறது. கணவாய் உச்சியில் உள்ள பென்-இ-பாஸ் வாகன நிறுத்தத்துக்கு முன்பதிவு வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் சாலையோரம் நிறுத்தாதீர்கள், ஷெர்பா என்ற பேருந்து ஓடுகிறது.

லான்பெரிஸில் ஏரிக்கு மேலே ஒரு குன்றில் டோல்பாடர்ன் கோட்டை. கட்டணம் இல்லை, வாசலில் காவலும் இல்லை. மாபெரும் லெவெலின் என்று அழைக்கப்பட்ட லெவெலின் ஆப் யோர்வெர்த் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1282இல் கொல்லப்பட்ட லெவெலினின் தாத்தா இவர். ஒற்றை வட்டக் கோபுரம், சுமார் 15 மீட்டர் உயரம். நான்கு நாளாக எட்வர்டின் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரியும். அதைத்தான் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தக் கோபுரத்தை வைத்திருந்தவர் கான்வியைக் கட்டுகிறவரை எதிர்க்க எதை நம்பியிருப்பார்? திரும்பி மலையைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஏரிக்கு எதிர்ப்புறம் மலையே படிப்படியாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது. 1969இல் மூடிய டினோர்விக் பலகைக்கல் குவாரி. இந்தப் பகுதியின் பலகைக்கல் நிலப்பரப்பும் 2021 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்தான்.

மாலையில் பெத்கெலெர்ட்டுக்குத் திரும்பி, ஆற்றோரமாகக் கெலெர்ட்டின் சமாதிக்கு நடங்கள். கெலெர்ட் என்பது மாபெரும் லெவெலினின் வேட்டைநாய். வேட்டையிலிருந்து திரும்பியவர் நாயின் வாயில் ரத்தத்தையும் கவிழ்ந்து கிடந்த தொட்டிலையும் பார்த்து, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று நாயை வெட்டினார். பிறகுதான் தொட்டிலுக்கு அடியில் குழந்தை அழுதது. பக்கத்தில் நாய் கொன்ற ஓநாய். பாதி சொல்வதற்குள் பிள்ளைகள் "கீரிப்பிள்ளைக் கதை!" என்று கத்திவிடுவார்கள். அதேதான். குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியைத் தாய் தண்ணீர்க் குடத்தால் அடித்துக் கொன்ற கதை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர்தான் இந்தச் சமாதியை வைத்துக் கதையைப் பரப்பினார் என்கிறார்கள். இருந்தாலும் அந்த மரத்தடியில் நின்றபோது என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள்: ஹார்லெக்

அபெர்கிளாஸ்லின் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் முக்கால் மணிக்குள் ஹார்லெக். ஓர் எச்சரிக்கை: கோட்டைக்குப் பக்கத்தில் பென் லெக் என்று ஒரு தெரு இருக்கிறது. 2019இல் உலகிலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் அறிவித்து, அடுத்த ஆண்டு அந்தப் பட்டம் மறுபடி நியூசிலாந்துக்குப் போனது. வழிகாட்டிக் கருவி அந்தத் தெருவைக் காட்டினால் கேட்காதீர்கள். நடந்து பாருங்கள், காரில் வேண்டாம்.

பாறை உச்சியில் நிற்கிற இந்தக் கோட்டையில் முதலில் தெரிவது கீழே ரொம்ப தூரத்தில் இருக்கும் கடல். கட்டிய காலத்தில் கப்பல் பாறையின் அடிவரை வந்தது. அங்கிருந்து 108 படிகள் மேலே ஏறும். முற்றுகையின்போது சாப்பாடு வந்தது அந்தப் படி வழியாகத்தான். பிற்பாடு கடல் பின்வாங்கி மணல்மேடாகிவிட்டது. படிகளைப் பிள்ளைகளோடு எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள். காவல்படை மொத்தம் 36 பேர்தான். கட்டிய ஜேம்ஸே 1290 முதல் 1293 வரை இதன் தலைவராக இருந்தார்.

1404இல் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஒவைன் கிளிண்டூர் இதைப் பிடித்தார். வேல்ஸ் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்கிற பெயர். 1409 வரை இது வேல்ஸ்காரர்களின் கோட்டையாக இருந்தது. தங்களை அடக்கக் கட்டிய கோட்டைக்குள்ளேயே அவர் தன் குடும்பத்தோடு குடியிருந்தார். பிறகு இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் 1461 முதல் 1468 வரை ஏழு ஆண்டு முற்றுகையைத் தாங்கி நின்றது.

ஊர்ப்பக்கத்திலிருந்து உள்ளே போக இப்போது அகழிக்கு மேல் ஒரு பாலம் இருப்பதால் பெரியவர்கள் முற்றம் வரை சிரமமில்லாமல் வரலாம். மேலே ஏறினால் தடுப்புச்சுவர் குறைவு, காற்று பலம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கீழேயே விளையாட விடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்கரை. நாலைந்து மைல் நீண்ட மணல், கோட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மணற்கோட்டை கட்டலாம். என் பிள்ளைகள் கட்டியதில் இரண்டு சுற்று மதில் இருந்தது, வாசல்கள் நேர்க்கோட்டில் இல்லை.

ஏழாம் நாள்: திரும்பும் வழி

வந்த வழியே திரும்பாமல் பிளைனாய் ஃபெஸ்டினியோக் வழியாக மலையேறி இறங்குங்கள். வழியில் டோல்வித்தெலன் கோட்டை. இதுவும் மாபெரும் லெவெலின் கட்டியதுதான். பண்ணை நிலத்தின் வழியே பத்து நிமிஷ ஏற்றம், ஆடுகளுக்காக மூடியிருக்கும் கதவுகளைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போங்கள். 1283 ஜனவரியில் எட்வர்டின் படை இதைப் பிடித்தது. பனியில் மறைந்து நிற்க அந்தக் காவல்படைக்கு வெள்ளை உடை கொடுத்தார்கள். மேலே தெரிகிற ஞாயில்கள் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவை.

அங்கிருந்து பெட்ஸ்-இ-கோய்டில் காபி குடித்துவிட்டு லான்ரூஸ்டுக்கு. 1636இல் கட்டிய மூன்று வளைவுக் கல்பாலத்தின் மேல் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் கார் போக முடியும். நடுவில் மேடு இருப்பதால் எதிரே வருகிறவர் தெரியமாட்டார், ஆராவ். பாலத்துக்குப் பக்கத்துத் தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே உள்ள க்விடிர் சிற்றாலயத்துக்குப் போங்கள். தரையில் மூடியில்லாத ஒரு கல் சவப்பெட்டி இருக்கும். மாபெரும் லெவெலினுடையது என்கிறார்கள். அவரைப் புதைத்த மடம் கான்வியில் இருந்தது. அந்த இடத்தில் கோட்டையும் ஊரும் கட்டுவதற்காக எட்வர்ட் மடத்தைத் துறவிகளோடு இந்தப் பள்ளத்தாக்குக்கு இடம் மாற்றினார், பெட்டியும் கூடவே வந்தது. இப்போது உள்ளே ஒன்றும் இல்லை. முதல் நாள் மாலை நாம் மதில் மேல் நடந்தோமே, அந்த ஊரில்தான் இவர் படுத்திருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

லான்ரூஸ்டிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். டாங்க்கை நிரப்பித்தான் காரைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், விரைவுச்சாலையில் ஏறும் முன்பே லண்டட்னோ சந்திப்பில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல்.